பூண்டுக்கு ஒரு ரூம்

கொடைக்கானலிலிருந்து மேல்மலைக் கிராமமான போளூருக்குப் போகும் பேருந்தில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில், இன்ஜினியரிடம் திருத்தி வாங்கிய வீட்டு பிளான் சுருட்டியபடி இருந்தது.

“வீட்ல மொத்தம் எத்தனை பேருன்னு கேட்டாரு. நாங்க நாலு பேரு, அப்புறம் வெதைப்பூண்டு நாலு மூட்டைன்னேன்.”

அதன்பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

“அதுக்கு என்னக்கா சொன்னாரு?” என்றார் இளையவர்.

“ஸ்டோர் ரூம்ல வைங்கம்மான்னாரு. அடுப்புக்கு மேல புகையில தொங்கலேன்னா பூண்டு அழுகிப் போயிரும், அடுத்த வெதைப்புக்கு ஒண்ணும் மிஞ்சாதுன்னேன். புகைதானே, சிம்னி வச்சு எல்லாத்தையும் வெளிய இழுத்துரலாம்னாரு.”

“வெளிய போயிட்டா பூண்டுக்கு என்ன இருக்கு?”

“அதத்தேன் நானும் கேட்டேன்.”

“பழைய அடுப்படிய அப்படியே விட்ருங்களேன்.”

“அத இடிச்சாத்தான புது வீட்டுக்கு எடம்?”

“புது வீட்டுக்குள்ள வெறகடுப்பு வச்சா சுவரெல்லாம் கரியாயிருமேக்கா.”

“அதுக்குத்தேன் கதவோட தனி ரூம் ஒண்ணு கேட்டு வாங்கிட்டேன்.”

நான் இறங்க வேண்டிய பூம்பாறை வந்தது. இறங்க மனம் வரவில்லை.

இளையவர் பிளானைப் பிரித்து அந்த ரூமை விரலால் தேடினார்.

“போன தடவ காட்டுனப்ப இது ஒங்க புருசன் பொண்டாட்டி பெட்ரூமுல்ல? அப்ப அண்ணன் எங்க படுப்பாரு?”

“ஹால்ல படுத்துக்கிருவாரு. அவரையா வெதைக்கப் போறோம்?”