எங்க போன்ல அது வராதுங்களே

ஆமாம்மா, அதே ஆளுதான். நல்லா ஞாபகம் வச்சிருக்கியே. முதுகுல கடிச்ச ஆப்பிள் பழம் போட்ட போன இந்த மேஜை மேல வச்சு, இத எடுத்துக்கிட்டு ஒரு சாதா டச் போன் குடும்மான்னு கேட்டேன்ல? நீ கூட என்ன மேலயும் கீழயும் பாத்தியே, எங்க தூக்கிட்டு வந்துச்சோ இந்த அம்மான்னு. நான்தான் அது. இப்போ அதத் திருப்பிப் போடணும். இந்தா சாதா போன். இத வச்சுக்கிட்டு ஒரு பழம் போன் குடு.

ரிப்பேரா? ஒரு ரிப்பேரும் இல்ல. கீழ விழல, தண்ணில முங்கல, சார்ஜ் போட்டா ஒரு நாள் பூரா நிக்குது. தங்கமான போன். கேமராவுக்காகவும் இல்லம்மா, நான் என்ன போட்டோ எடுத்துக் கண்காட்சியா வைக்கப் போறேன். ஜன்னல் கர்ட்டன் தைக்கிறவ நான். அடுத்த தெருவுல மருந்துக்கடைக்கு மேல மாடி. உங்க கடை முன்னாடி தொங்குது பாரு, அது நான் தச்சதில்ல. தச்சிருந்தா இப்படிச் சுருங்கியிருக்காது. சரி, அத விடு. நீ ஒரு பக்கம் டப்பாவெல்லாம் எடுத்து வை, நான் ஒரு பக்கம் சொல்றேன்.

எல்லாம் எங்க சம்பந்தியம்மாவால வந்தது. என் பொண்ணோட மாமியார். பள்ளிக்கூடத்துல ஹெச்.எம்.மா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ரிட்டயர் ஆனது உத்தியோகம் மட்டும்தான், ஹெச்.எம். அப்படியேதான் இருக்காங்க. நாங்க வீட்டுல அவங்கள ஹெச்.எம்.னுதான் சொல்லுவோம். நேர்ல சொல்ல மாட்டோம், எங்களுக்கென்ன பைத்தியமா?

அந்த பச்சை ஆப் இருக்குல்ல, ஊரே வச்சிருக்கே, அதுலதான் முதல்ல ஆரம்பிச்சுது. தினம் காலைல வீடியோ கால். நான் ஊசியில நூல் கோக்கிற நேரம் பாத்து கரெக்டா அடிக்கும். எடுத்தா முகம் தெரியாது. நெத்தியில பாதி, மேல சுத்துற ஃபேன், அவ்வளவுதான். அந்த ஃபேனப் பாத்துதான் நான் வணக்கம் சொல்லுவேன். என்ன பேச்சுங்கிற? செடியில புது இலை விட்டிருக்கு பாருங்க. பாத்திரம் கவுக்கிற ஸ்டாண்ட இடம் மாத்திட்டேன் பாருங்க. என் முட்டி வீங்கியிருக்கா பாருங்க, இந்த முட்டிக்கும் அந்த முட்டிக்கும் வித்தியாசம் தெரியுதா? எனக்கு அதுல எது முட்டி எது தலகாணின்னே தெரியாது. ஆமாங்க, கொஞ்சம் தெரியத்தான் செய்யுதுன்னு சொல்லி வைப்பேன். நடுவுல, அந்த மெஷின நிறுத்துங்க, இரைச்சலா இருக்கும்பாங்க. ஏம்மா, மெஷின நிறுத்திட்டா என் பொழப்பு என்னாவறது?

எடுக்காம விடுறதா? நல்லாச் சொன்ன. உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆகலையா, அதான். பொண்ணக் குடுத்த இடம்மா அது. இங்க நான் எடுக்கலன்னா அங்க என் பொண்ணுகிட்ட, உங்கம்மாவுக்கு என் மேல என்ன வருத்தமாம்னு கேள்வி போகும். அவ உடனே என்னக் கூப்பிட்டு, ஏம்மா என் உயிர எடுக்குறேம்பா. ஒரு காலத் தட்டிக் கழிக்கப் போயி ரெண்டு கால் பேசணும்.

இப்படி நான் மாட்டிக்கிட்டு முழிக்கும்போதுதான் மாப்பிள்ளை அவங்கம்மாவுக்கு பழம் போன் வாங்கிக் குடுத்தாரு. மகராசன், நல்லா இருக்கணும். அதுக்குள்ளயே ஒரு வீடியோ கால் இருக்காமே, பழம் போனும் பழம் போனும் மட்டும் பேசிக்கிறது. படம் நேர்ல பாக்குற மாதிரி இருக்குமாம். அதப் பாத்த பிறகு ஹெச்.எம்.முக்கு பச்சை ஆப் பிடிக்கல. மங்கலா இருக்கு, இனிமே நான் இதுலதான் பேசுவேன், நீங்களும் வந்துடுங்கன்னு உத்தரவு. நான் என்ன பண்ணேன், குரல எவ்வளவு கீழ இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, ஐயோ, எங்க போன்ல அது வராதுங்களேன்னேன்.

அந்த ஒரு வார்த்தைக்குக் கோயில் கட்டணும்மா. கோவமா சொல்லல, வேணாம்னு சொல்லல, பொய்யும் சொல்லல. போன் மேலதானே பழி? போனுக்கு என்ன மாமியாரா, சம்பந்தியா? அப்புறம் பாரு, காலைல நானும் என் மெஷினும்தான். ரேடியோ கூட வைக்க மாட்டேன். அந்த நிம்மதியக் கெடுப்பானேன்னு.

எத்தன நாளைக்கு? என் பிறந்தநாள் வந்துச்சு. மாப்பிள்ளையும் பொண்ணும் வந்தாங்க, கையில ஒரு வெள்ளை டப்பா. அத்தை, இனிமே நீங்களும் அம்மாவும் கஷ்டமில்லாம முகம் பாத்துப் பேசலாம்ங்கிறாரு. திறந்தா பழம்! என் வீட்டுக்காரர் அப்பத்தான் தலைய துவட்டிக்கிட்டு வந்து நின்னாரு. சிரிப்ப அடக்க முடியாம, குளிச்சிட்டு வரேன்னு மறுபடி உள்ள போயிட்டாரு.

நான் சிரிச்சேன்மா. சந்தோஷமா சிரிச்சேன். எப்படி சிரிச்சேன்னு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலைலயே அடிச்சுது. அவங்க சொன்னது உண்மைதான், படம் அவ்வளவு தெளிவு. ஃபேன்ல படிஞ்ச தூசி வரைக்கும் தெரியுது. ஆனா அவங்களுக்கும் என் ரூம் தெரியுதே! தினம் ஒரு கேள்வி. உங்களுக்குப் பின்னாடி அது என்ன மூட்டை, ஏன் நேத்தும் அங்கயே இருந்துச்சு? சுவத்துல அது என்ன கறை? கத்தரிக்கோல ஏன் திறந்தே வச்சிருக்கீங்க? இன்ஸ்பெக்‌ஷன்மா, முழு இன்ஸ்பெக்‌ஷன். நான் தலை சீவிக்கிட்டு வேலைக்கு உக்காந்ததே அந்த நாள்லேருந்துதான்.

அதான் உன்கிட்ட ஓடி வந்தேன். பழத்தக் குடுத்து சாதா வாங்கினேன். அவங்ககிட்ட, விரல் பழகலீங்க, கண்ணு எரியுதுங்கன்னேன். பச்சை ஆப்பையும் எடுத்துட்டேன், போன்ல இடமில்லன்னு சாக்கு. வாடிக்கைக்காரங்களுக்குத் துணி டிசைன் அனுப்பணும்னப்ப நீதான் அந்த நீல ஆப் போட்டுக் குடுத்த. ஆங், அதேதான். என்ன ஆச்சு தெரியுமா? வீட்டுக்குப் போய் செருப்பு கூட கழட்டல, நீல ஆப்ல மணி அடிக்குது. எடுத்தா மேல ஃபேன் சுத்துது! அவங்க கூட வேலை பாத்த டீச்சருங்க குரூப்பு அதுலதான் இருக்காம். வந்துட்டீங்களா, நீங்க வந்தத இப்பத்தான் என் போன் சொல்லுச்சுங்கிறாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் கடையில போன் மாத்துறது அங்க அவங்க போனுக்கு எப்படிம்மா தெரியும்? ஆள் வச்ச மாதிரி இல்ல?

சரி, தலையெழுத்துன்னு விட்டுட்டேன். நூல் கண்டு மேல போன சாய்ச்சு வச்சிட்டு என் பாட்டுக்குத் தைப்பேன், அவங்க பாட்டுக்குப் பேசுவாங்க. ஒரு நாள் பேச்சு வாக்குல ஊசி விரல்ல ஏறிடுச்சு. வீட்டுல யாருமில்ல. நான் கத்துன கத்துல ஹெச்.எம். போட்டாங்க பாரு ஒரு அதட்டல். அழுகைய நிறுத்துங்க! சக்கரத்தக் கையால பின்னாடி சுத்துங்க! ம், மெதுவா! இப்ப கையத் தூக்குங்க, தலைக்கு மேல தூக்குங்க! நான் ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாதிரி கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். என் வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் இறக்க விடல. அன்னிக்கு மட்டும்தான் அவங்க முகம் முழுசா தெரிஞ்சுது. போன அவ்வளவு கிட்டக்கப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

இரும்மா, அந்தக் கருப்பு வேணாம். வேற காட்டு.

அப்புறம்தான் இந்த கர்ட்டன் விவகாரம். அவங்க வீட்டு முன் ரூமுக்கு கர்ட்டன் தச்சுக் குடுங்கன்னாங்க. நான் வந்து அளவெடுக்கிறேன்னேன். எதுக்கு அவ்வளவு தூரம், வீடியோலயே எடுத்துடலாம்னாங்க. ஒரு கையில போன், ஒரு கையில டேப்பு. எனக்குத் தெரிஞ்சது காது, சுவரு, டேப்பு, மறுபடி காது. அவங்க சொன்ன அளவ எழுதிக்கிட்டேன். எங்கேருந்து அளக்குறீங்கன்னு நான் கேக்கல, எங்கேருந்து அளந்தேன்னு அவங்க சொல்லல. அவங்க ஜன்னல் சட்டத்துலேருந்து அளந்திருக்காங்க, நான் மேல கம்பியிலேருந்துன்னு நினைச்சுத் தச்சுட்டேன். மாட்டினா ஒரு ஜாண் குட்டை. வீடியோ போட்டுக் காட்டுறாங்க, கர்ட்டனுக்குக் கீழ ரோட்டுல போறவங்க கால் காலா போயிட்டிருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சும்மா. சிரிச்சிருக்கக் கூடாது.

அவங்க குரலே மாறிடுச்சு. என் மகன் ஆசையா வாங்கிக் குடுத்த போன வச்சிருந்தா ஜன்னல் தெளிவா தெரிஞ்சிருக்கும், அத வித்துட்டு வந்தவங்களுக்கு எது தெரியும்னுட்டாங்க. எனக்கும் சுருக்குன்னுச்சு. போன்ல என்னங்க இருக்கு, பேசுறவங்களுக்கு நிறுத்தத் தெரிஞ்சா போதும்னுட்டேன்.

ஆமா, சொல்லிட்டேன். வாயில வந்துடுச்சு.

டக்குன்னு வச்சிட்டாங்க. அவங்க பொதுவா வைக்கத் தெரியாம, இந்தச் சிவப்ப அமுக்கணுமா, எத அமுக்கணும்னு ரெண்டு நிமிஷம் போராடுவாங்க. அன்னிக்கு மட்டும் உடனே அமுக்கத் தெரிஞ்சுது.

அதோட சரி. இந்த மாசம் பூரா ஒரு கால் இல்ல. என் பொண்ணக் கேட்டா, ரெண்டு பெரியவங்களும் பேசித் தீத்துக்கோங்க, என்ன இழுக்காதீங்கன்னு கையக் கழுவிட்டா. நீல ஆப்பையே எடுத்துட்டு வேற ஏதோ ஆப்புக்குப் போயிட்டாங்களாம், அது மட்டும் சொன்னா. நிம்மதியா இருக்கலாம்ல நான்? நான் கேட்டது இதத்தானே? காலைல நூல் கோத்துட்டு உக்காந்தா கை ஓட மாட்டேங்குதும்மா. மெஷின மிதிச்சா, நிறுத்துங்கன்னு சொல்ல ஆளில்ல. அந்த முட்டி வீக்கம் வத்திச்சா இல்லையான்னு வேற தெரியல. என் வீட்டுக்காரர்கிட்ட புது நூல் கண்டக் காட்டி, பாருங்க எவ்வளவு நல்ல கலர்ன்னேன். ஏன் என்கிட்ட காட்டுறங்கிறாரு.

கூப்பிட வேண்டியதுதானேவா? நான் எப்படிம்மா முதல்ல கூப்பிடுறது? வச்சது அவங்கதானே. அதுவுமில்லாம, நான் ஒரு தடவ கூட அவங்களக் கூப்பிட்டதே இல்ல. எப்பவும் அவங்கதான் கூப்பிடுவாங்க. நான் கூப்பிட்டா என்ன சொல்லணும்னே எனக்குத் தெரியாது. ஃபேன் எப்படி இருக்குன்னா கேக்குறது?

அதான் இந்த ஏற்பாடு. நான் போன் மாத்தினா அவங்க போன் தானா சொல்லும்ல? இந்த அம்மா திரும்பப் பழத்துக்கே வந்துட்டாங்கன்னு காட்டும். நான் கூப்பிட்ட மாதிரியும் ஆகாது, அவங்க எறங்கி வந்த மாதிரியும் ஆகாது. காட்டுச்சு, கூப்பிட்டேன்னு அவங்க சொல்லிக்கலாம்.

என்னது? காட்டாதா?

பழம் போன் வாங்கினா அவங்களுக்குச் செய்தி போகாதா? அன்னிக்குப் போச்சே! ஓ, அது போன் சொன்னதில்லையா? ஆப்புதான் சொல்லுச்சா? அட, முதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப இது எனக்கு எதுக்கு, எடுத்து உள்ள வை. கோவிச்சுக்காத. டப்பா கிழியல பாரு, அப்படியே இருக்கு.

சரி, அவங்க நீலத்த எடுத்துட்டாங்களே, இப்ப எதுல சேந்தா சொல்லும்? அவங்களும் அந்த டீச்சருங்களும் இப்ப வேற ஒண்ணுல இருக்காங்களாம், ஊதாவா ஏதோ ஒரு கலர், என் பொண்ணு சொன்னா. ஆங், இதேதான், இந்தப் படம்தான். இதுல நான் சேந்தா அவங்களுக்குச் சொல்லுமா? இதுக்குக் காசு? இல்லையா? பாரு, நான் ஒரு போனையே மாத்த வந்துட்டேன்.

போடு, போடு. ம், என் நம்பர் அதான்.

என்ன, நிறுத்திட்ட? அவங்க போன்ல என் நம்பர் இருந்தாத்தான் செய்தி போகுமா? அழிச்சிருந்தா?

அழிக்க மாட்டாங்கம்மா. அவங்களுக்கு ஒண்ண அழிக்கிறதுன்னா எத அமுக்கணும்னே தெரியாது. கால் கட் பண்றது கூட அப்படித்தான்... இல்ல, அன்னிக்கு டக்குன்னு வச்சாங்களே.

என் நம்பர வச்சிருப்பாங்கல்ல?

நீ போடும்மா. போட்டு இந்த மேஜை மேலயே வை. நான் அந்த ஓர நாற்காலியில உக்காந்துக்கிறேன். வேற ஆளுங்க வந்தா நீ பாரு, எனக்கு ஒரு அவசரமும் இல்ல.

சத்தத்த மட்டும் நல்லா கூட்டி வச்சிடு.