அடுக்களையில் பம்பரக் களம்

குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த நேரம். தென்காசி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு ஆண்கள். இளையவர் சொன்னார்:

"அண்ணாச்சி, அடுக்களையில பம்பரக் களம் போட்டுட்டேன்."

"அடுக்களையிலயா? கிறுக்கா ஒனக்கு?"

"வெளிய பம்பர ஆணி சேத்துல புதையுதுல்லா! புத்துமண்ணக் கொட்டி அடிச்சு, அடுப்புச் சூட்டுல காயவச்சேன். ஞாயித்துக்கெழம கடையத்து மச்சினன் வாரான். எப்பவும் அவந்தான் ஜெயிக்கான். இந்தத் தடவ விடமாட்டேன்."

"வீட்டுக்காரி ஏசலியா?"

நான் இறங்க வேண்டிய மேலகரம் வந்தது. இறங்கவில்லை.

"ஏசல. தோசைக்கரண்டியக் கீழ வச்சா. 'என் தம்பிக்குப் பம்பரம் சொல்லிக்குடுத்ததே நாந்தான்'னு இன்னொரு பம்பரத்துல கயித்தச் சுத்தி ஒரே குத்து. என் பம்பரம் ரெண்டாப் பொளந்துட்டு!"

"அய்யோ! அப்ப ஞாயித்துக்கெழம?"

"நான் தோச சுடுதேன் அண்ணாச்சி. களத்துல அவளத்தான் எறக்குதேன்!"