அல்லேலூயா வீட்டுப் பிள்ளைகள்

காபியில் சர்க்கரை போதவில்லை என்றால் சொல்லுங்கள். எனக்கு நீரிழிவு வந்த பிறகு என் மனைவி ஜெயக்கொடிக்குக் குறைத்துப் போட்டே கை பழகிவிட்டது. வருகிறவர்களுக்கும் அதே அளவுதான் விழுகிறது.

தெருவில் எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். பத்திரிகைக்காரர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். எலியேசரைப் பற்றி இந்த முடிச்சூரில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும். போன மாதம் அவர் இறந்துபோனதும் அந்தக் கதைகளுக்கெல்லாம் மறுபடி உயிர் வந்துவிட்டது. நான் கதை சொல்லப் போவதில்லை. ஏகநாதன் நடந்ததைத்தான் சொல்வான் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அவருக்கு மனை விற்றது நான்தான். இங்கே இருந்ததெல்லாம் எங்கள் கழனி. நெல் விளைந்த இடத்தைக் கூறு போட்டு விற்றோம். வாங்கியவர்கள் வீடு கட்டினார்கள். வீடுகள் சேர்ந்து நகர் ஆயிற்று. நகருக்கு ஒரு நலச் சங்கம் வந்தது. அதற்கு நான் தலைவர். மண் என்னுடையதாக இருந்ததால் மனிதர்களும் என் பொறுப்பு என்று எனக்கு ஓர் எண்ணம். இன்றும் அது தவறு என்று தோன்றவில்லை.

எலியேசர் ரயில்வே ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். கர்த்தர் கூப்பிட்டார் என்று வேலையை விட்டுவிட்டார். அவர் போய்க்கொண்டிருந்த தேவாலயத்தையும் விட்டுவிட்டார். அங்கே வருகிறவர்கள் நகை போடுகிறார்கள், சினிமாவுக்குப் போகிறார்கள் என்று காரணம். வீட்டின் முன்பக்கம் சிமென்ட் ஷீட் போட்டு ஒரு ஜெப வீடு கட்டினார். மனைவி யூனிஸ் டீச்சர் ட்ரெய்னிங் முடித்தவர். பெரியவன் யோசபாத், அடுத்தவள் தொற்காள், பிறகு ஒரு கைக்குழந்தை. பள்ளிக்கூடம் உலகத்தைச் சேர்ந்தது, மருந்து மாத்திரை அவிசுவாசத்தைச் சேர்ந்தது என்பது அவர் கொள்கை. பிள்ளைகள் வீட்டிலேயே படித்தார்கள். காய்ச்சல் வந்தால் எண்ணெய் தடவி ஜெபம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுப் பக்கம் குடும்பமே நிற்கும். அவர் வசனம் சொல்வார். யூனிஸ் முக்காடு போட்டுக்கொண்டு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். பையன் கஞ்சிரா தட்டுவான். தொற்காளுக்கு முழங்கை மூடிய வெள்ளைக் கவுன். பூ கிடையாது, பொட்டு கிடையாது, ஒரு பாசிமணி கிடையாது. அவள்தான் பாடுவாள். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள்கூட அவள் குரலுக்கு ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

பார்க்கிறவர்கள் பேசாமல் இருப்பார்களா? பொன்னுரங்கத்தின் டீக்கடையில் காலையில் அதுதான் பேச்சு.

"இன்னா தலைவரே, அந்த அல்லேலூயா வூட்டுப் பசங்க இஸ்கூல் பக்கமே தலை வெச்சுப் படுக்காதா? ஸ்டேஷனாண்ட நின்னுகினு பாடிகினே கெடந்தா நாளைக்கு இன்னா கதி? நீங்க கேக்க மாட்டீங்களா?"

போய்க் கேட்டேன். எலியேசர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தொற்காள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடிங்க மாமா" என்றாள்.

"பிள்ளைகளைக் கர்த்தர் எங்க கையிலதான் கொடுத்திருக்கார் சார்" என்றார் எலியேசர், சிரித்துக்கொண்டே. "கணக்கு கேட்டா நாங்கதான் சொல்லணும்."

குரலை உயர்த்தவில்லை. என்னை அவமதிக்கவும் இல்லை. ஆனால் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்ட விதத்தில், இனிமேல் இதற்காக வர வேண்டாம் என்பது இருந்தது.

நான் மேலே எழுதிப் போட்டேன். கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். தெருவே வாசலில் நின்றது. வெகுநேரம் கழித்து அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். யூனிஸ் கேக் கொடுத்திருக்கிறார்.

"பசங்க நல்லாவே படிக்குதுங்க சார். அந்தப் பொண்ணு தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் தடையில்லாம வாசிக்குது. கட்டாயப்படுத்த நம்மகிட்ட சட்டமும் கிடையாது. விட்டுடுங்க" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

பொன்னுரங்கம் சும்மா இருக்கவில்லை. "தலைவரே, உங்க பேரப் பசங்களையும் இங்கியே சேர்த்துடலாம் போலக் கீதே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, "ஏதாவது ஒண்ணு நடந்தாத்தான் அந்த மனுஷனுக்குப் புத்தி வரும்" என்றேன். சிரிப்பு நின்று எல்லோரும் தலையாட்டினார்கள். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அது என் ஒருவனுடைய கருத்து அல்ல. தெரு ஒப்புக்கொண்ட கருத்து.

எண்பத்தெட்டு ஐப்பசியில் நல்ல மழை. காலி மனைகளில் தண்ணீர் நின்றது. பாம்புகளுக்கு அது பழைய கழனிதானே, மேடு தேடி வீடுகளுக்குள் வந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெயக்கொடி படப்பையில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். தூர்தர்ஷனில் புராணத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தி ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அந்த நேரத்தில் தெருவில் ஒரு ஆள் இருக்க மாட்டான். டீக்கடையில்கூடப் பெஞ்சு காலியாக இருக்கும்.

வாசலில் கூப்பிடும் குரல் கேட்டது. எலியேசர். செருப்பில்லாமல், சேற்றில் முழங்கால்வரை நனைந்து, தொற்காளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவள் கணுக்காலுக்கு மேலே ஒரு கைக்குட்டை இறுக்கிக் கட்டியிருந்தது.

"அண்ணா, காரை எடுங்கண்ணா. விறகு எடுக்கப் போன இடத்துல நல்ல பாம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அதுவரை அவர் என்னை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. அந்தத் தெருவில் அப்போது கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். என் பியட் வண்டி ஷெட்டில் இருந்தது. முந்தின நாள்தான் அதில் தாம்பரம் போய்வந்தேன்.

உங்களிடம் யூனிஸ் அம்மாள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் வந்ததும் வராததுமாக, அன்று காலை எலியேசர் என் வீட்டுக்கு வந்தாரா என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆமாம், வந்தார். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஏன் சார், ஜெபம் பண்ணலையா?" என்று கேட்டேன்.

அவர் குழந்தையைத் தோளில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டார். தொற்காள் தோளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "கால் எரியுது மாமா" என்றாள். அவள் இமைகள் பாதி இறங்கியிருந்தன. நான் கழனியில் வளர்ந்தவன். பாம்பு கடித்தவருக்கு இமை இறங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் இருக்கிறது என்றும் ஏறக்குறையத் தெரியும்.

நான் கோபத்தில் இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் நிதானமாக ஒரு யோசனை வந்தது. இப்போது நான் காரை எடுத்தால் குழந்தை பிழைத்துக்கொள்ளும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்டேஷனில் நின்று கர்த்தர் பிழைக்கவைத்தார் என்று சாட்சி சொல்வார். குழந்தையும் பக்கத்தில் நின்று பாடும். பையனும் கைக்குழந்தையும் காலம் முழுக்க அந்த வீட்டுக்குள்ளேயே கிடப்பார்கள்.

"வண்டி ஸ்டார்ட் ஆகாது சார், மழைத் தண்ணி இறங்கிடுச்சு" என்றேன். "நீங்க பொண்ணைத் தூக்கிக்கிட்டு அலையாதீங்க, அசைய அசைய விஷம் ஏறும். வீட்டுல கொண்டுபோய்ப் படுக்க வையுங்க. நான் போய் மெயின் ரோட்டுல ஆட்டோ பிடிச்சுக்கிட்டு வரேன்."

"சீக்கிரம் வந்துடுங்கண்ணா" என்றார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திரும்பி நடந்தார், நான் சொன்னபடியே, குழந்தை அசையாமல், அடிமேல் அடி வைத்து.

நான் உள்ளே வந்து உட்கார்ந்து தொடரின் மிச்சத்தைப் பார்த்தேன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது, கவனித்தீர்களா? ஜெயக்கொடி கேட்டால் கேட்கட்டும்.

தொடர் முடிந்து தெருவுக்கு ஆட்கள் வந்தபோது அல்லேலூயா வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்தவர்கள், குழந்தை பாயில் கிடப்பதையும் மற்றவர்கள் சுற்றி முழங்காலில் நின்று பாடுவதையும் கண்டார்கள். ஆட்டோ வருமென்று காத்திருந்தவர்கள் காத்திருந்த நேரத்தில் பாடினார்கள். அது பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்? பொன்னுரங்கம் கூச்சல் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"தலைவரே, பொண்ணு சாவக் கெடக்குது, அவங்க பாடிகினு கீறாங்க! வண்டிய எடுங்க!"

எடுத்தேன். சாவியைத் திருகியதும் ஸ்டார்ட் ஆயிற்று. எலியேசர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்; வண்டி உறுமுவதைக் கேட்டார்; என்னைப் பார்த்தார். பின்சீட்டில் ஏறினார். ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். என்னால் முடிந்த வேகத்தில்தான் ஓட்டினேன்.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஜெப வீட்டின் மேல் கல் விழுந்தது; தடுத்து நிறுத்தியது நான். போலீஸ் ஸ்டேஷனுக்கும் சங்கத்தின் சார்பில் நானே போனேன். சப்-இன்ஸ்பெக்டர் எலியேசரைக் கேட்டார், "ஏன்யா, பெத்த பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு நிமிஷம் கர்த்தரை விட்டுட்டு மனுஷனை நம்பிப் போயிட்டேன் சார். அதுக்குத்தான் பிள்ளையைக் கொடுத்துட்டேன்" என்றார்.

பைத்தியக்காரப் பேச்சு என்று சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எலியேசர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. அவர் கணக்கில் நான் ஒரு ஆளே இல்லை. தண்டித்தவர் கர்த்தர், தண்டனை வாங்கியவர் அவர். என் வாசலுக்கு வந்தது மட்டும்தான் குற்றம். என்னைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியது அது ஒன்றுதான்.

வழக்கு நிற்கவில்லை. ஆனால் யூனிஸின் அண்ணன் வந்து அவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எலியேசர் தனியாக அந்த வீட்டிலேயே இருந்தார். பிறகு ஸ்டேஷனில் போய் நிற்கவில்லை. காலையில் எதிரே வந்தால் எனக்கு வணக்கம் வைப்பார். நானும் வைப்பேன். கடைசியில் அவரைப் புதைக்க ஆள் சேர்த்ததும் சங்கம்தான்.

நான் செய்ததற்குப் பெயர் என்ன என்று கேட்டால், கொலை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் ஆட்சேபிக்க மாட்டேன். காரை எடுத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அது தெரிந்துதான் எடுக்கவில்லை. ஆனால் முழுவதையும் எழுதுங்கள். யோசபாத்தை மாமா பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். இன்றைக்கு அவன் பொத்தேரியில் இன்ஜினியரிங் படிக்கிறான். கைக்குழந்தையாக இருந்தது இப்போது கான்வென்ட்டில் படிக்கிறதாம். யோசபாத்தை நீங்கள் பார்க்கப் போவீர்கள் இல்லையா? பார்த்தால், இதெல்லாம் அவனுக்கு யாரால் கிடைத்தது என்று சொல்லுங்கள். ஒரு தடவை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகட்டும். நன்றியெல்லாம் வேண்டாம். வந்தால் போதும்.