பக்கம் மாத்தாதே

— எந்தத் தராசுல வெச்சாலும் இதேதாம்மா காட்டும். நீ ஏன் அந்த முள்ளை அப்படி முறைக்கறே?

— துணியோட வெச்சுப் பார்க்கலாமா, சிஸ்டர்?

— துணியோட வெச்சா துணிதான் எடை கூடும். இருக்கட்டும். பையன் ஏறாம இல்லை, ஏறியிருக்கான். ஆனா நத்தை மாதிரி ஏறியிருக்கான்.

— போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.

— போன தடவை ஆஸ்பத்திரியில பார்த்தேன். உனக்குப் பின்னாடி பத்து அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க, சரியா கேட்கக்கூட முடியலை. அதான் இன்னைக்குத் தராசையே தூக்கிட்டு மாடி ஏறி வந்திருக்கேன். என் முட்டி என்னைத் திட்டிக்கிட்டே வந்துது.

— மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். அவர் பார்த்துப் பிடிச்ச வீடு. துறைமுகத்துக்குப் பக்கம், வந்து போக வசதின்னார்.

— வந்து போறாரா?

— போனார். இன்னும் வரலை. கப்பல் எங்கேயோ நடுக்கடல்ல இருக்கு. சிக்னல் கிடைச்சா பேசுவார். பையனைக் காட்டுன்னுவார், காட்டறதுக்குள்ள கட் ஆயிடும்.

— உங்க அம்மா?

— பிரசவத்துக்கு வந்தாங்க. அப்பா அங்கே வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டார், திரும்பிட்டாங்க. இவன் பிறந்ததும் எல்லாரும் போட்டோவுல பார்த்துட்டாங்க. மூக்கு அவங்க பக்கம், காது எங்க பக்கம்னு பிரிச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான்.

— காதையும் மூக்கையும் பங்கு போட்டுட்டு மீதியை உன் தலையில கட்டிட்டாங்க. இருக்கட்டும். சொல்லு, ஒண்ணுக்கு நல்லா போறானா?

— அதெல்லாம் போறான். டயபர் மாத்தி மாளலை.

— வெளிக்கு?

— பச்சையா போறான். நுரை நுரையா, துணி துவைச்ச தண்ணி மாதிரி. வயிறு டமாரமா உப்பிக்குது. காலை மடக்கிக்கிட்டு முறுக்கறான் பாருங்க.

— ரத்தம், சளி மாதிரி ஏதாவது?

— இல்லை. காய்ச்சலும் இல்லை. டாக்டர் நாக்கைக்கூடத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் சரியா இருக்குன்னுட்டார். ஆனா நாத்தனார் ஃபோன்ல சொல்றாங்க, என் பால்ல சத்தில்லையாம். டப்பா பாலுக்கு மாத்தச் சொல்றாங்க.

— அடேங்கப்பா. ஃபோன்லயே உன் பாலைப் பரிசோதனை பண்ணிட்டாங்களா?

— சிரிக்காதீங்க சிஸ்டர். எனக்கும் அப்படித்தான் தோணுது. எங்கிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான், அதுலயும் சத்தில்லைன்னா...

— ஏய், ஏய். கண்ணைத் துடை. முன்பக்கம் சட்டையைப் பாரு, நனைஞ்சு கிடக்கு. இவ்வளவு பால் வெச்சுக்கிட்டு அழற பொண்ணை இப்பத்தான் பார்க்கறேன். சரி, வாயைச் சப்புக் கொட்டறான் பாரு, பசி வந்துடுச்சு. என் முன்னாடியே கொடு.

— இருங்க, ஜன்னலைச் சாத்திட்டு வந்துடறேன்.

— எதிர்ல வெறும் சுவர்தானேம்மா. யார் பார்க்கப் போறாங்க?

— பார்க்கறதுக்கு இல்லை. சத்தம் போகும்.

— வந்ததுல இருந்து கேட்கணும்னு இருந்தேன். ஏன் நீ கிசுகிசுன்னே பேசறே? இது என்ன பரீட்சை ஹாலா?

— பழகிடுச்சு.

— நாற்காலிக் காலுக்கெல்லாம் சாக்ஸ் மாட்டியிருக்கே. அதுக்குக் குளிருதா?

— இழுத்தா சத்தம் வரும் சிஸ்டர். உட்காருங்க, இங்கே உட்காருங்க, அந்தப் பக்கம் தரை கொஞ்சம் டங்குன்னு கேட்கும்.

— இருக்கட்டும், கொடு. ம்... வாய் நல்லா பிடிக்கறான். அழகா பிடிக்கறான். முழுங்கற சத்தம் கேக்குது பாரு, மடக் மடக்குன்னு. இதுல என்ன குறை?

— இனிமேதான் பாருங்க. இதோ, இதோ... புரையேறிடுச்சு. ஐயோ, கத்தப் போறான், கத்தப் போறான்...

— கத்தட்டும், குழாயைத் திறந்து விட்ட மாதிரி வருது, பிள்ளை திணறாம என்ன பண்ணுவான். தோள்ல போட்டுத் தட்டு. ஏம்மா, எதுக்கு இப்படிப் பதறறே? என்ன பண்றே நீ?

— அந்தப் பக்கம் மாத்தறேன்.

— இன்னும் இந்தப் பக்கமே முடியலையே!

— மாத்தினா உடனே வாயை மூடிடுவான் சிஸ்டர். ப்ளீஸ்.

— இரு. இது என்ன சத்தம்? டொக்கு டொக்குன்னு. யாரோ கதவைத் தட்டறாங்க.

— கதவு இல்லை.

— பின்னே? அட, தரையில இருந்து வருது! என் காலுக்கடியில!

— நின்னுடும். இதோ, வாயில வெச்சுட்டேன். பாருங்க, நின்னுடுச்சு.

— யாரது?

— கீழ்வீட்டம்மா. கம்பாலயோ என்னத்தாலயோ கூரையில இடிக்கறாங்க. இவன் அழுதா இடிப்பாங்க.

— எப்பவுமா?

— பகல்ல எப்ப அழுதாலும். அவங்க ரொட்டி ஃபாக்டரியில ராத்திரி வேலை பார்க்கறாங்க. விடிஞ்சு வந்து பகல்லதான் தூங்கணும். குடி வந்தப்பவே வீட்டுக்காரர் சொன்னார், இந்தக் கட்டடத்துல சத்தம் கூடாது, கீழே இருக்கிறவங்க ரொம்ப வருஷமா இருக்காங்க, ஒரு வார்த்தை அவங்க சொன்னா போதும்னு. இவன் பிறந்து வீட்டுக்கு வந்த முதல் நாளே இடிச்சாங்க. எனக்கு உயிரே போயிடுச்சு. டக்குன்னு பக்கம் மாத்தினேன், அழுகை நின்னுது, இடியும் நின்னுது. அன்னையில இருந்து ராத்திரி பகல்னு இல்லாம அப்படியே பண்ணிக்கிட்டிருக்கேன்.

— அப்ப அவன் திணறி வாயை எடுத்தா மாத்துவே. அந்தப் பக்கமும் திணறுவான்...

— திரும்ப இந்தப் பக்கம்.

— ஒரு வேளைப் பாலுக்கு எத்தனை தடவை இப்படிப் பந்தாடுவே?

— எண்ணலை சிஸ்டர். இடி நிக்கற வரைக்கும்.

— அடி பைத்தியமே. இங்கே பாரு. முதல்ல வர்ற பால் நீர்த்து இனிப்பா இருக்கும், வேகமா வரும். கொழுப்பு போகப் போகத்தான் கூடும், பொறுமையா உறிஞ்சினாத்தான் கிடைக்கும். நீ அவனுக்கு இந்தப் பக்கத்துத் தண்ணிப் பாலையும் அந்தப் பக்கத்துத் தண்ணிப் பாலையும் மட்டும் கொடுத்து அனுப்பறே. வயிறு ரொம்பிடுது, உடம்பு ரொம்பலை. அந்த இனிப்பு அத்தனையும் குடல்ல போய்ப் பொங்குது. பச்சையும் நுரையும் அதான்.

— அப்ப என் பால்ல...

— உன் பால்ல எல்லாம் இருக்கு. அவனை அதுவரைக்கும் போக விட்டாத்தானே?

— நான்தான் இப்படிப் பண்ணிட்டேனா?

— உன்னைக் குத்தம் சொல்ல மாடி ஏறி வரலை. சாஞ்சு உட்காரு, நல்லா பின்னாடி சாஞ்சு. பிள்ளையை உன் மேல படுக்கப் போடு, அப்ப பால் அவ்வளவு வேகமா பாயாது. திணறினா எடு, தோள்ல போடு, ஏப்பம் வரட்டும், அழுதா அழட்டும். திரும்ப அதே பக்கம். அவனா விட்டுட்டு மயங்கற வரைக்கும் அதே பக்கம். மாத்தாதே.

— இடிப்பாங்களே.

— வா, ரெண்டு பேருமா கீழே போய்ப் பேசிட்டு வருவோம்.

— வேண்டாம் சிஸ்டர்! உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அவங்களைப் படியில ஒரே ஒரு தடவை பார்த்தேன். சிரிச்சேன். முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. புகார் சொல்லிட்டாங்கன்னா கைப்பிள்ளையோட நான் ஒருத்தி எங்கே போய் வீடு தேடுவேன்? அவர் வேற இல்லை.

— சரி. போகலை. ஆனா எனக்கு ஒரு வாக்கு கொடு. அடுத்த வேளை பால், ஒரே ஒரு வேளை, கீழே பூகம்பமே வந்தாலும் பக்கம் மாத்தாதே. செய்வியா?

— ம்.

— ம்முன்னா?

— செய்யறேன். கிளம்பறீங்களா? டீ போடட்டுமா? ரெண்டு நிமிஷத்துல போட்டுடுவேன்.

— இன்னும் மூணு வீடு இருக்கும்மா. வர்ற வாரம் தராசோட வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா டாக்டர்கிட்ட திரும்பக் காட்டுவோம், பயப்படாதே.

— வரும்போது டீ குடிச்சுட்டுத்தான் போகணும்.

— குடிக்கறேன். நீ ஒண்ணு செய்யி. அவன்கிட்ட வாய் விட்டுப் பேசு. பிள்ளைக்கு உன் குரலே தெரியாது போலிருக்கு.

*

— குடி கண்ணு. சாஞ்சுக்கிட்டேன் பாரு, சிஸ்டர் சொன்ன மாதிரியே. அம்மா மேல படு. ஆங், அப்படித்தான். மெதுவா... மெதுவாடா...

— சரி, சரி. புரையேறிடுச்சா? வா, தோளுக்கு வா. அழாதே. இல்லை, அழு. அழுதுக்கோ.

— கேக்குதா? ஆரம்பிச்சுட்டாங்க. இடிக்கறாங்கடா. நாம மாத்தப் போறதில்லை. வாக்கு கொடுத்திருக்கேன்.

— இதே பக்கம். இந்தா. ஏன் தள்ளறே? இதேதான் தங்கம், இதேதான். கத்தாதேடா. ஐயோ, கேளு, முன்னைவிட ஜாஸ்தியா இடிக்கறாங்க. தரையே அதிருது.

— மாத்திடட்டுமா? இந்த ஒரு தடவை மட்டும்?

— இல்லை. மாட்டேன். இடிங்க! நல்லா இடிங்க! என் பிள்ளைக்குப் பசிக்குது!

— ஏப்பம் வந்துடுச்சா? என் ராஜா. இந்தா. பிடிச்சுக்கோ. ம்... ம்... அப்படித்தான். பாரு, இப்ப வேகமா வரலை. கண்ணை மூடிக் குடி.

— இடி நின்னுடுச்சுடா.

— கை விரலெல்லாம் விரியுது. இவ்வளவு நாள் இந்தக் கையை இறுக்கி மூடியே வெச்சிருந்தியே. வாயோரம் வழியுது. தூங்கிட்டியா? நீயா விட்டுட்டுத் தூங்கிட்டியா?

— யாரோ படி ஏறி வர்றாங்க. சிஸ்டரா இருக்குமோ? இல்லை. ஓடி வர்ற மாதிரி இருக்கு. கடவுளே.

*

— திற! ஏம்மா, கதவைத் திற! உள்ளே இருக்கியா?

— இருக்கேன். மன்னிச்சுக்கோங்க அக்கா. தெரியாம... இனிமே இப்படி ஆகாது.

— முதல்ல கதவைத் திறம்மா!

— மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடறேன் அக்கா. வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நானே சொல்லிக்கறேன்.

— காலியா? என்ன உளர்றே? குழந்தை எங்கே? குழந்தைக்கு என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகலை. தூங்கறான்.

— தூங்கறானா? நிஜமாவா? மூச்சு விடறானா?

— இதோ, என் தோள்லதான் இருக்கான். பாருங்க. அக்கா, அந்தக் கட்டையைக் கீழே வெச்சுடுங்க, ப்ளீஸ்.

— எந்தக் கட்டை? அடச்சே, துடைப்பக்கட்டையோடவே ஓடி வந்திருக்கேன். என்னமோ போ, கையும் ஓடலை காலும் ஓடலை. செருப்புகூடப் போடலை. இரு, மூச்சு வாங்கிக்கறேன். அப்பாடா... தூங்கறான். தூங்கறான்னா, ஆம்பிளைப் பிள்ளையா?

— ஆமா.

— கேளேன், இத்தனை நாளா அதுகூடத் தெரியாது எனக்கு. நானா ஒரு பொண்ணுன்னு வெச்சுக்கிட்டிருந்தேன். குரல் அப்படி இருந்துது. வாயோரம் பால் காயாம இருக்கு பாரு. என்ன இவ்வளவூண்டு இருக்கான்!

— எடை சரியா ஏறலை அக்கா. இன்னைக்குத்தான் முதல் தடவையா முழுசாக் குடிச்சிருக்கான்.

— குடிக்கட்டும், குடிக்கட்டும். தொடலாமா? வேண்டாம், வேண்டாம், கையெல்லாம் மாவு. இந்த மாவு போகவே போகாது. அன்னைக்குப் படியில நீ சிரிச்சியே, தலையில இருந்து கால் வரைக்கும் மாவும் வேர்வையுமா நின்னேன். புள்ளத்தாச்சிப் பொண்ணு முன்னாடி கூச்சமாப் போச்சு, ஓடிட்டேன். அப்புறம் வந்து பேசலாம்னா, என்னன்னு சொல்லிக்கிட்டு வர்றது?

— உள்ளே வாங்க அக்கா. நீங்க தூங்கற நேரம்னு எனக்குத் தெரியும். நாங்க எவ்வளவோ சத்தம் போடாமத்தான் இருக்கோம்...

— எங்கே தூங்கறது? ராத்திரி பூரா மாவு பிசையற மெஷின் காதைக் கிழிக்கும், பக்கத்துல இருக்கிறவன் பேசினாலும் கேக்காது. வீட்டுக்கு வந்தா அதைவிட மோசம், ஒரு சத்தம் கிடையாது. படுத்துக்கிட்டுக் கூரையைப் பார்த்துக்கிட்டிருப்பேன். பொழுது சாயற வரைக்கும் அதான் வேலை.

— அப்புறம் ஏன் அக்கா இடிக்கறீங்க?

— இடிக்கறேனா? தாளம்மா அது! முதல் நாள் அவன் அழுத அழுகை மனசு தாங்காம, தொட்டில் பக்கத்துல உட்கார்ந்து தட்டற மாதிரி கீழே இருந்தே தட்டினேன், டக்குன்னு நிறுத்திட்டான். அதுக்கப்புறம் எப்ப தட்டினாலும் நிறுத்திடுவான், இந்த ஊர்ல என் சத்தம் கேட்டு சமாதானமாகற ஒரு உசிராவது இருக்கேன்னுதான் நான் தூங்காமக் கிடப்பேன், இன்னைக்கு எவ்வளவு தட்டியும் நிறுத்தலை, அப்புறம் ஒரேயடியா சத்தமே இல்லை, அதான் என்னமோ ஏதோன்னு ஓடி வந்தேன்.