இரண்டு பேருக்கு ஏழு டீ

தேனிக்கு விமானம் வராது. போடிக்குப் போகிற மீட்டர்கேஜ் ரயில் ஒன்றுதான் எங்கள் ஊர் வழியாகப் போகிறது, அதுவும் யாரையோ துக்கம் விசாரிக்கப் போகிறமாதிரி மெதுவாகத்தான் போகும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து எட்டு வருடமாக விமான டிக்கெட் விற்றுப் பிழைக்கிறேன் என்றால் நான் எவ்வளவு ஒழுங்கான ஆள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். சுருளியாண்டி போட்ட டிக்கெட் தவறாது என்று கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் சொல்வார்கள்.

ஐயா, நீங்கள் விமானக் கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து வந்து, நேற்று என் கடையில் உட்கார்ந்து ஒரு தொலைபேசிப் பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். போன நவம்பரில், கிறிஸ்டோபர் அண்ணன் இறந்த நாளில் என் கடையிலிருந்து போன அழைப்பு அது. ஆஸ்பத்திரிச் சான்றில் அவர் பதினொன்றரைக்கு இறந்ததாக எழுதியிருக்கிறது. பதிவிலோ பன்னிரண்டு மணி நாலு நிமிடத்துக்கு அவர் ‘எஸ்’ என்று சம்மதம் சொல்கிறார். செத்தவர் எப்படிப் பேசுவார், அது உன் குரல்தானே என்று கேட்டீர்கள். போகிறபோது இன்னொன்றும் கேட்டீர்கள். உங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லையென்றால், பதிவில் நீ ஏழு டீ கேட்பது யாருக்கு என்றீர்கள்.

செத்தவர் கணக்கை நான் தொட்டிருந்தால் குச்சனூர் மாயக்காளின் திரும்பி வருகிற டிக்கெட் ரத்தாகிவிடும் என்றும் சொன்னீர்கள். அவர் இப்போது அமெரிக்காவில் மகன் சூரியபிரகாஷ் வீட்டில் இருக்கிறார். அடுத்த மாதம் வரவேண்டும். இடுப்பில் பிளேட் வைத்த அந்த அம்மாள் இத்தனை தூரம் உட்கார்ந்து வரமுடியாது. அதற்காகத்தான் இதைக் கைப்பட எழுதுகிறேன். எனக்குப் பயமாகவும் இருக்கிறது, அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

மைல் வியாபாரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதை நான் மறுக்கவில்லை. அடிக்கடி பறக்கிறவர்களுக்குக் கம்பெனி மைல் என்று ஒன்றைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே வருகிறது. அது நிறையச் சேர்ந்தால், சீட்டைப் படுக்கையாக விரித்துக்கொள்கிற முன்பக்க வகுப்பில்கூட ஓசி டிக்கெட் எடுக்கலாம். கிறிஸ்டோபர் அண்ணன் ஏலக்காய் ஏற்றுமதிக்காக வருடத்தில் பாதி நாள் ஆகாயத்தில் இருந்தவர். சேர்ந்த மைலை அவர் எனக்கு மலிவாகக் கொடுத்தார். நான் அதில் டிக்கெட் எடுத்து, வயதானவர்களுக்கும் உடம்புக்கு முடியாதவர்களுக்கும் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுத்தேன்.

மைலை விற்கக்கூடாது, சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுக்கலாம் என்பது உங்கள் விதி. ஆகவே மூன்று வருடத்தில் கிறிஸ்டோபர் அண்ணனுக்கு முப்பத்தோரு சொந்தக்காரர்கள் சேர்ந்தார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதருக்கு வருசநாட்டில் இரண்டு சித்தப்பா, கம்பத்தில் ஒரு தாய்மாமன், குச்சனூரில் ஒரு பெரியம்மா. ஒவ்வொரு முறையும் அவரே என் கடைக்கு வந்து, உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டு, பிறந்த தேதி சொல்லி, உறவைச் சொல்லி, சம்மதம் கொடுத்தால்தான் டிக்கெட் வரும். போனை வைத்ததும் ‘இன்னைக்கு எனக்கு யாருப்பா மாமன்?’ என்று சிரிப்பார்.

என் கடையை நீங்கள் பார்த்தீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பெரிய கடையை இரண்டாகத் தடுத்தது. நடுவில் பிளைவுட் தடுப்பு, அந்தப் பக்கம் முத்துவீரன் டீக்கடை. டீ வேண்டுமென்றால் நாங்கள் எழுந்து போவதில்லை, தடுப்பில் தட்டுவோம். ஒரு தட்டுக்கு ஒரு டீ. கிறிஸ்டோபர் அண்ணன் தடுப்பை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவார். தட்டுகிற வேலை அவருடையது, கல்யாண மோதிரத்தால் டொக் டொக்கென்று இரண்டு. என் நாற்காலி கதவை ஒட்டி இருக்கும். போன் பேசுகிறபோது பஸ் ஹாரன் கேட்கக்கூடாது என்று கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். அன்றைக்கென்று போட்டதில்லை, எப்போதும் அப்படித்தான்.

அன்று வரும்போதே அவர் ஒரு மாதிரி இருந்தார். ‘சுருளி, இதோட போதும்ப்பா. பிரின்சி ரொம்பப் பயப்படுறா. மிச்ச மைல்ல அவளக் கூட்டிக்கிட்டு ஒருக்கா எருசலேம் போயிட்டு வந்துர்றேன்’ என்றார். பிரின்சி அவர் மனைவி. நானும் சரியென்றேன். மாயக்காளுக்கு ஒரே ஒரு சீட்டுதான் அந்தத் தேதியில் இருந்தது, அதைப் பன்னிரண்டரை வரைக்கும்தான் பிடித்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மின்வெட்டு வேறு. அப்புறம் கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸில் இருபது நிமிடம் ஓடும், அவ்வளவுதான்.

பதினொன்றேகாலுக்கு லைன் கிடைத்தது. உங்கள் ஆபீஸ் பெண் பிறந்த தேதி கேட்டாள், தாயார் பெயர் கேட்டாள், மாயக்காள் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். ‘பெரியம்மா’ என்றார். சரி பார்க்கிறேன் என்று காத்திருப்பில் போட்டுவிட்டுப் போனாள். ஸ்பீக்கரில் பியானோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவர் நெஞ்சைத் தடவ ஆரம்பித்தார். மணி பதினொன்றரை.

‘சுருளி, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு. கதவத் தொறப்பா.’

‘ரெண்டே நிமிசம்ணே. இந்தா வந்துருவாக.’

வாயுவாக இருக்கும் என்று நினைத்தேன் என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்லப்போவதில்லை. என் அப்பா இதே மாதிரிதான் போனார், அந்த வேர்வையும் அந்தச் சாம்பல் நிறமும் எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். போனை வைத்தால் எல்லாம் முதலிலிருந்து. சீட்டு போய்விடும். கணக்குக்காரர் இறந்துவிட்டால் கணக்கை முடக்கிவிடுவீர்கள், அதுவும் உங்கள் விதிதான். மாயக்காள் அம்மாள் மதுரைக்குப் போய்ப் பெட்டி வாங்கி, அதில் மிளகாய்ப்பொடியும் வடகமும் கட்டி வைத்துவிட்டார்கள். ஒரு டிக்கெட் தவறினால் அப்புறம் சுருளியாண்டியை இந்தப் பள்ளத்தாக்கில் யார் நம்புவார்கள்? அந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவருக்கு என்ன பயம் இருந்ததென்று நான் அப்போது நினைக்கவில்லை.

அரை மணி நேரம் அந்தப் பாட்டு ஓடியது. அவர் ஒருமுறை எழுந்திருக்கப் பார்த்தார். வழியில் என் நாற்காலி இருந்ததால் மறுபடி உட்கார்ந்துவிட்டார். நான் தள்ளவில்லை. நாற்காலியை நகர்த்தவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. மூச்சு, தண்ணீர் வற்றிய கிணற்றில் ஓடுகிற மோட்டார் மாதிரி வெறுமனே இழுத்தது.

பன்னிரண்டுக்கு மின்சாரம் போனது. யு.பி.எஸ் கத்த ஆரம்பித்தது. உங்கள் ஆபீஸ் பெண் சரியாக அப்போது திரும்பி வந்தாள். நான் ஸ்பீக்கரை நிறுத்தி ரிசீவரைக் கையில் எடுத்ததும் நிபந்தனைகளைப் படிக்கத் தொடங்கினாள். படித்து முடித்துவிட்டு, இந்த மைலைப் பணம் எதுவும் வாங்காமல் உங்கள் சுயவிருப்பத்தில் கொடுக்கிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

நான் ரிசீவரை அவர் வாயருகே கொண்டுபோனேன். மற்றொரு கையால் அதைப் பொத்திக்கொண்டு, ‘எஸ்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்’ என்றேன். கட்டாயப்படுத்தவில்லை. சொன்னார். அந்தக் குரல் அவருடையதுதான். எப்போதும் கணீரென்று பேசுகிறவர் அப்படிச் சன்னமாகப் பேசியதால் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

அவள் பதிவு எண் கொடுத்தாள். வழக்கம்போல ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன். யு.பி.எஸ் நின்றுவிடும் என்பதால் டிக்கெட்டை இரண்டு பிரதி அச்செடுத்தேன். பன்னிரண்டு பதினாலு. பிறகு கதவைத் திறந்து கத்தினேன். ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான் இருக்கிறது. ஆட்டோவில் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அங்கே நல்ல கூட்டம். டாக்டர் பார்த்துவிட்டு, எப்போது உயிர் போனது என்று கேட்டார். வலி தொடங்கிய நேரம்தான், பதினொன்றரை என்று, வாயில் வந்துவிட்டது, மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். பிரின்சி மதினி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘கடைசியா ஏதாச்சும் சொன்னாகளா தம்பி?’ என்று கேட்டார்கள். ‘ஒங்க பேரத்தான் சொன்னாக மதினி. கஷ்டப்படவே இல்ல, ஒரு நொடிதான்’ என்றேன். இப்போதும் மாதம் ஒருமுறை கடைக்கு வந்து, அவர் உட்கார்ந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடைசி நேரத்தில் நீயாவது பக்கத்தில் இருந்தாயே என்று எனக்கு நன்றி சொல்கிறார்கள். இந்தக் காகிதத்தை மட்டும் அவர்களுக்குக் காட்டாதீர்கள். மனசு உடைந்துவிடும். இத்தனை நாள் அவர்கள் நிம்மதியாக இருப்பது நான் சொன்ன அந்த ஒரு பொய்யால்தான்.

இனி டீ விஷயம்.

அந்தப் பெண் நிபந்தனைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது கிறிஸ்டோபர் அண்ணன் தடுப்பில் தட்டினார். பேச முடியவில்லை, அதனால் மோதிரத்தால் தட்டினார். உங்கள் பதிவில் டொக் டொக்கென்று கேட்பது அதுதான். ஏழு தட்டு. எட்டாவதற்குக் கை எழும்பவில்லை. அந்தச் சத்தம் இன்னும் என்னை விடவில்லை. யாராவது பேனாவால் மேசையைத் தட்டினால்கூட உட்கார்ந்திருக்க முடியவில்லை. நேற்று நீங்கள் தட்டினீர்கள், நான் எழுந்து வெளியே போய்விட்டு வந்தது அதற்காகத்தான். என் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டேன். ராத்திரி பகல் என்றில்லை, எந்தச் சுவரைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது.

முத்துவீரன் நல்ல மனிதர். தட்டுகிற சத்தம் கேட்டதும் எழுந்து வந்து என் கதவுக்கு வெளியே நின்றார்.

‘என்னண்ணே, ஏழு தட்டு கேட்டுச்சு? அம்புட்டுப் பேரு வந்திருக்காகளா? கல்யாணப் பார்ட்டியா?’

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் நின்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவை உடைத்திருப்பார், அவர் கை அப்படிப்பட்டது. அப்போதே கிளம்பியிருந்தால் பன்னிரண்டு ஐந்துக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்திருப்போம்.

‘ஆமாய்யா, ஏழு பேரு. ஏழு டீ போடு’ என்றேன். இதுவரைக்கும் உங்கள் பதிவில் இருக்கிறது. அதன்பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னேன். ‘மெதுவாவே கொண்டா, அவசரமில்ல. நான் கதவத் தொறக்கும்போது குடுத்தாப் போதும்.’

அவர் அப்படியே செய்தார். நான் கதவைத் திறந்தபோது தட்டில் ஏழு கிளாஸோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது, டீயில் ஆடை படிந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டே பேர். ஆட்டோ பிடித்துக் கொடுத்தார், தூக்க உதவினார், அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் யாரிடமாவது பேசிவிடுவாரோ என்றுதான் ஐந்து மாதமாக நான் தூங்காமல் இருக்கிறேன். இப்போது நானே பேசிவிட்டேன்.

குரல் என்னுடையது என்று நீங்கள் எழுதினால் அது தவறாகிவிடும். முத்துவீரனிடம் அவசரமில்லை என்று சொல்லிவிட்டு நான் திரும்பியபோது, கிறிஸ்டோபர் அண்ணன் தடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது முழுவதையும் கேட்டிருந்தார், அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. செத்தவர் யாரும் ஒருவரை அப்படிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே சம்மதம் கொடுத்தபோது அவர் உயிரோடு, முழு நினைவோடு இருந்தார் என்று உறுதி கூறுகிறேன். மாயக்காள் அம்மாளின் டிக்கெட் செல்லும்.

இப்படிக்கு,
சு. சுருளியாண்டி