ஒரே நிறம்

– அண்ணாச்சி, இந்த பேனர் அச்சுக்குப் போகக் கூடாது. இதுல நிக்கது நான் இல்ல.

– நீ இல்லாம வேற யாரு பொன்மணி? சேல நம்ம கடைச் சேல, மூக்குத்தி ஒன் மூக்குத்தி. லிங்கேஷு பய கம்ப்யூட்டர்ல வெளிச்சத்தக் கொஞ்சம் கூட்டியிருக்கான், அவ்வளவுதான்.

– வெளிச்சத்தக் கூட்டுனா செவுரும்லா வெளுக்கணும்? செவுரு அப்படியே இருக்கு. சேலயும் அப்படியே இருக்கு. நான் மட்டும் மைதா மாவு கணக்கா நிக்கேன்.

– நல்லதுக்குத்தான தாயி செஞ்சிருக்கு! ஆடித்தபசுக்கு எம்புட்டுக் கூட்டம் வரும்? பஸ்ஸ்டாண்டுல எறங்குனதும் நம்ம பேனர்ல கண்ணு நிக்கணும்லா. யாவாரம்னா நாலும் பாக்கணும் தாயி.

– கறுப்பா இருந்தா கண்ணு நிக்காதோ? திருவேங்கடத்துலருந்தும் கரிவலத்துலருந்தும் நம்மகிட்ட சேல எடுக்க வாரவுக எல்லாம் என்ன நெறம்? நீங்க என்ன நெறம்?

– நான் ஆம்பள. எனக்கென்ன?

– நல்லாருக்கு நியாயம்! சினிமாக்காரன் நம்ம ஊர்ப் பொம்பள வேசத்துக்கு எங்கிருந்தோ ஒரு வெள்ளப் புள்ளயக் கூட்டியாந்து கரி பூசுதான். இங்கன நெசமாவே நம்ம ஊர்ப் பொம்பள நிக்கேன். எனக்கு நீங்க சுண்ணாம்பு அடிக்கிய.

– எம்.ஏ. இங்கிலீசு படிச்சவள சேல விரிச்சுக் காட்ட வச்சது என் தப்பு. அது என்னமோ பாடம் சொன்னியே, வெள்ளக்காரன் போன பெறகும்னு...

– பின்காலனியம்.

– அதான். அவன் போயி எத்தனையோ காலமாச்சு. இன்னும் அவனயே இழுத்துக்கிட்டுக் கெடக்க.

– நான் எங்க இழுத்தேன்? நீங்கதான் அவன் தோலக் கொண்டாந்து என் மூஞ்சியில ஒட்டியிருக்கிய.

– வாய் ரொம்ப நீளுது. டிவியிலயோ பேப்பர்லயோ எந்த வெளம்பரத்துல கறுப்பா ஒருத்தி பட்டுச்சேல கட்டி நிக்கா, சொல்லு பாப்பம்? ஊரத் திருத்த நாந்தான் கெடச்சேனா?

– ஊரத் திருத்த வேண்டாம். என்னத் திருத்தாதிய, அது போதும். எம் மவ அனுவ ஸ்கூல்ல கறுப்பி கறுப்பின்னுதான் கூப்பிடுதாவ. காலையில பவுடர அப்பிக்கிட்டு நிக்கா, பாக்க வயிறு எரியுது. ‘ஜெயசிங் அண்ணாச்சி கடை பேனர்ல அம்மா நிப்பேன், இதே நெறத்துல நிப்பேன், ஊரே அண்ணாந்து பாக்கும் மக்கா’ன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்காவத்தான் போட்டோவுக்கே சம்மதிச்சேன். இப்ப இத எப்படி அவகிட்டக் காட்டுவேன்?

– பாவந்தான். அதுக்காவ யாவாரத்த விட முடியுமா? புடிக்கலன்னா சொல்லு, நெட்டுல ஏதாவது பம்பாய்ப் புள்ள படத்த எடுத்துப் போட்டுக்கிடுதேன். நாளையிலருந்து நீயும் வேற கடை பாத்துக்கோ.

– பாத்துக்கிடுதேன். ஆனா என் படத்தப் போட்டியன்னா, பேனருக்குக் கீழயே வந்து நிப்பேன். போற வாரவுககிட்ட எல்லாம் அது நான் இல்லன்னு சொல்லுவேன்.

– ஏட்டி! எங்கப்பா சிவகிரிக்கும் கரிவலத்துக்கும் வெயில்ல துணி மூட்டையச் சொமந்து உண்டாக்குன கடை இது. பேனர் மூலையில படமா இருக்காருல்லா, அட்டக்கரியா இருப்பாரு அந்த மனுசன். அந்த மொகத்த நம்பித்தான் சனம் வாங்குச்சு. அவரு பேருக்கு ஒரு இழுக்கு வந்துச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன்.

– அட்டக்கரி மொகத்த நம்பி சனம் வாங்குச்சுன்னு நீங்களே சொல்லுதிய. என் மொகத்த நம்பி மட்டும் வாங்காதோ?

– அது வேற, இது வேற. நீயும் அவரும் ஒண்ணா?

– சரி அண்ணாச்சி. வெள்ளையாவே இருக்கட்டும், நான் இனிமே ஒண்ணும் சொல்லல. லிங்கேஷுகிட்ட இன்னொண்ணு போட்டு அனுப்பச் சொல்லியிருந்தேன். இப்பத்தான் வந்துச்சு. பேனர்ல இருக்குத எல்லாருக்கும் ஒரே நெறம். இந்தாங்க, போன நல்லாப் புடிச்சுப் பாருங்க.

– இப்பத்தான் வழிக்கு வந்திருக்க. கொண்டா. ம்... எழுத்து எடுப்பா இருக்கு. சேலயும் நல்லாருக்கு. ஏ, இரு, எங்கப்பா படத்த எங்க காணோம்? அந்த மூலையில எவனோ ஒருத்தனத் தூக்கி வச்சிருக்கான் கூறுகெட்ட பய! யாருட்டி இந்த வெள்ளப் பய?

– மரியாத, அண்ணாச்சி. அது ஒங்க அப்பா.