ஆறு மணி டம்ளர்

எனக்கு மாலை ஆறு மணிக்குப் பசிக்காது, ஏழரைக்குத்தான் பசிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்டர் ஐயா நேற்று முழுக்க அந்த அமினோ டின்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். விஷயம் டின்னில் தொடங்கவில்லை, என் சாப்பாட்டுத் தட்டில் தொடங்கியது. நீங்கள் கொடுத்த தாளில் தமிழிலேயே எழுதுகிறேன். ஸ்டேஷன் மொழிபெயர்ப்பாளர் கார்த்திகேசு ஒரு வரிகூட விடாமல் மலாயில் மாற்றித் தரவேண்டும். ஒரு வரியை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் மீனாட்சிசுந்தரம். வயது நாற்பத்திரண்டு. ரயில்வேயில் ஸ்டோர் கிளார்க், பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வீடு. மனைவி கோமதி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் எனக்கு முன்னால் சாப்பிட்டதில்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அதே தட்டில் தனக்குப் போட்டுக்கொள்வாள். நான் கட்டாயப்படுத்தியதில்லை. அதற்கு அவசியமே வந்ததில்லை.

கோமதி பருமன். போன வருஷம், எண்பத்தொன்றில், கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டில் அவள் உட்கார்ந்த நாற்காலி உடைந்துவிட்டது. பந்தி முழுக்கச் சிரித்தது. முதலில் சிரித்தது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் மறுவாரமே செராஸில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். அக்கறை இல்லாதவன் லீவு போட்டு அலைவானா?

அந்த டாக்டரம்மா சீனப் பெண்மணி, பேச்செல்லாம் இங்கிலீஷ். கோமதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். பாசாரில் மீன் வாங்கும் அளவுக்கு மலாய் தெரியும், அவ்வளவுதான். ஆகவே டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார், நான் கோமதிக்குச் சொன்னேன். சோறு கூடாது. மத்தியானம் மட்டும் ஒரு கிண்ணம் வேகவைத்த காய்கறி. காலை எட்டு, மத்தியானம் ஒன்று, மாலை ஆறு என்று மூன்று வேளையும் அமினோத் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவேண்டும். அதன்பின் ஒரு மணி நேரம் நடை. இவ்வளவு குறைத்துச் சாப்பிட்டால் கொழுப்போடு சதையும் கரையும், சதையைக் காப்பாற்றத்தான் தூள் என்றார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுமையாகத் தமிழில் சொன்னேன், ஒரு வரியைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

தூள் சகிக்க முடியாத கசப்பு. கோமதி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். பக்கத்து வீட்டு மரியம் ஒரு நாள் ஆசைப்பட்டு ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டு, ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினாள். மரியத்தின் வாப்பா மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறார். கோமதியும் மரியமும் தினமும் மாலையில் திடலைச் சுற்றி நடந்தார்கள்.

மூன்று மாதத்தில் தொண்ணூற்றிரண்டு கிலோ எழுபத்தொன்பது ஆனது. கோமதிக்கு முழங்கால் வலி போனது. ரவிக்கையெல்லாம் பிடித்துத் தைத்தாள். மரியத்தின் கடையில் பகலில் வேலைக்குச் சேர்ந்தாள். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தாள், ஆனால் கேட்ட விதத்தில் நான் மறுப்பேன் என்ற எண்ணமே இல்லை. வீட்டில் சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

நான் வேலை முடிந்து கிளப்பில் கேரம் ஆடிவிட்டு ஏழரைக்கு வீட்டுக்கு வருவேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்பவள், இப்போது மேசையில் பேப்பர் விரித்துப் படித்துக்கொண்டிருப்பாள். என் சாப்பாடு மூடி வைத்திருக்கும். நீ சாப்பிடவில்லையா என்று முதல் நாள் கேட்டேன்.

"நான் ஆறு மணிக்கே குடிச்சிட்டேங்க. நீங்க சாப்பிடுங்க."

இவ்வளவுதான் சொன்னாள். ரசம் சூடாக இருந்தது, பொரியலில் உப்பு சரியாக இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் வந்தது. கன்னத்தில் அறைந்தது போன்ற கோபம். என் வீட்டில், என் சம்பளத்தில், எனக்கு முன்னால் வயிற்றை நிரப்பிக்கொண்டு எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாள். அந்தக் கோபம் ஒரு நாளும் குறையவில்லை, இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் நான் கை நீட்டுகிறவன் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், என் வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை.

கிளப்பில் பக்கிரிசாமி என்று ஒருவர், என்னோடு வேலை செய்கிறவர். ஒரு நாள் எல்லார் முன்னாலும், "என்ன பாஸ், உங்க மிஸஸ் இளைச்சுக்கிட்டே போறாங்க, நீங்க ஊதிக்கிட்டே போறீங்க லா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

மாதாமாதம் கிளினிக்கிலிருந்து டின் வாங்கி வருவது என் பொறுப்பு. நான்காவது மாத டின்னை ஆபீஸிலேயே திறந்து, தூளை வேறு டப்பாவில் கொட்டிக்கொண்டேன். டின்னில் வறுத்த அரிசி மாவும் கொஞ்சம் ஆரஞ்சுப் பவுடரும் போட்டு மூடினேன். அதன்பின் ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். விஷம் இல்லை. லேபில் சோதித்தாலும் அதையேதான் சொல்வார்கள். குழந்தைக்குக் கொடுக்கக்கூடிய மாவு.

கம்பெனி ருசியை மாற்றிவிட்டது என்று கோமதியிடம் சொன்னேன். மாலை வேளையையும் டாக்டரம்மா மாற்றிவிட்டார், இனி ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில்தான், அதுவும் நானே கலக்கித் தருகிறேன் என்றேன். அவள் முகம் மலர்ந்துபோனது. பதினோரு வருஷத்தில் நான் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை. 'என் வீட்டுக்காரர் அவர் கையாலயே கலக்கித் தராரு' என்று மரியத்திடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அன்று முதல் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. நான் சாப்பிடுவேன், அவள் நிற்பாள். நான் எழுந்து கை கழுவி, டம்ளரைக் கலக்கிக் கொடுப்பேன். அவள் குடிப்பாள்.

நிஜத் தூளை வீணாக்கவில்லை. வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. கிளப்பில் மாலை ஆறு மணிக்கு நான் குடித்தேன், கூடவே வாரம் இரண்டு நாள் பூப்பந்தும் ஆடினேன். கால்சட்டை தளர்ந்தது. பக்கிரிசாமியே பாராட்டினார்.

கோமதி மேலும் கொஞ்சம் இளைத்தாள். பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அடுத்து ஒரு வினோதம், எடை ஏறத் தொடங்கியது. கால் வீங்கியது, கணுக்கால் வீங்கியது, காலையில் முகமும். அவள் அதைக் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டாள். கெண்டைக்காலில் விரலால் அமுக்கிக் காட்டினாள். குழி விழுந்து, அப்படியே நின்றது.

"நான் என்னங்க தப்பு பண்றேன்?" என்று அழுதாள்.

"மறைச்சு வச்சு எதையாவது திங்கிறே. அதான்," என்றேன்.

அன்றிலிருந்து மத்தியானக் காய்கறியையும் நிறுத்திவிட்டாள். நடையை இரண்டு மணி நேரம் ஆக்கினாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை, நடக்கவும் சொல்லவில்லை. அவள் முடிவு அது. டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்று மரியம் இரண்டு தடவை வந்து சொன்னாள். போய்க்கொண்டுதான் இருக்கிறோம் என்றேன். கிளினிக்குக்கு நான் மட்டும் போய், கோமதி கிள்ளானில் தங்கை வீட்டில் இருக்கிறாள், நன்றாக இளைத்துவருகிறாள், எடை இவ்வளவு என்று ஒரு கணக்குச் சொன்னேன். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். அடுத்த முறை கட்டாயம் கூட்டி வரச் சொன்னார். சரி என்றேன்.

அன்று வியாழக்கிழமை. ரசம், கத்தரிக்காய்க் குழம்பு. நான் பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சுவரில் சாய்ந்து நின்ற கோமதி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள், பிறகு பக்கவாட்டில் படுத்தாள். ஓய்வு எடுக்கிறாள் என்று நினைத்தேன். நான் சாப்பிடும்போது அவள் உட்கார்ந்ததில்லை என்பதால் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. மோர்ச் சோறு பாக்கி இருந்தது. சாப்பாட்டை நடுவில் விட்டு எழுந்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு மரியத்தின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கோமதி இறந்த மூன்றாம் நாள் மரியம் பாத்திரங்களை எடுத்து வைக்க உதவ வந்தாள். அடுப்படியில் டின் திறந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இன்னொரு தடவை வைத்தாள். பிறகு டின்னை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். அழவில்லை.

"அண்ணே, இது கசக்கல."

கம்பெனி ருசியை மாற்றியது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

"அன்னிக்கு நீங்க கதவத் தட்டினப்போ உங்க கையில சோறு காஞ்சு போயிருந்துச்சி. கோமதி விழுந்து எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க? நீங்க மனுஷனா அண்ணே?"

டின்னோடு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கணவன் மனைவிக்கு நடுவில் வெளியாள் நுழைவது முறையில்லை என்று மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது அந்த ஒரு வரி. முதல் நாள் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் கண்ணைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். இந்தத் தூள் இல்லாமல் இவ்வளவு குறைவாக உங்கள் மனைவி ஒரு வாரம்கூடச் சாப்பிடக் கூடாது, இதயம் நின்றுவிடும், இதைக் கட்டாயம் அவரிடம் சொல்லுங்கள் என்றார். பயப்படப் போகிறாளே என்று அன்று சொல்லவில்லை. அன்று அது நல்லெண்ணம்தான். ஆபீஸில் டின்னைத் திறந்து கவிழ்த்தபோது அந்த வரி எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது. அவள் கெண்டைக்காலில் குழி விழுந்ததைக் காட்டியபோதும் ஞாபகம் இருந்தது. மோர்ச் சோறு சாப்பிட்டபோதும் இருந்தது. கோமதியைக் கொன்றது நான்தான். கார்த்திகேசு இதை விடாமல் எழுதட்டும்.

ஒரே ஒரு விண்ணப்பம். ஐந்து மாதம் அந்தத் தூளைக் குடித்துப் பழகியதில், இப்போதெல்லாம் எனக்கு ஆறு மணிக்கே பசித்துவிடுகிறது. இங்கே லாக்கப்பில் எட்டு மணிக்குத்தான் தட்டு வருகிறது, அதுவும் காவலர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு. மனுஷனைப் பசியோடு காத்திருக்க வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கோமதி இருந்திருந்தால் என்னை இப்படி விட்டிருக்க மாட்டாள்.